நைனார்பாளையத்து மாப்பிள்ளைக்கு மூன்று சான்றுகள்

கள்ளக்குறிச்சி
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். உடம்பு விசாரிப்பதெல்லாம் அப்புறம். நான் சொல்லாவிட்டாலும் கண்டக்டர் மாயவன் இந்தக் கடிதத்தோடு அதையும் மலையேற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவருடைய தங்கை மகன் எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறான்.

இந்த வருஷம் முதுகலைப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் நூலக வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று நான் சொல்லித்தர வேண்டும். ஆளுக்கொரு நல்ல ஆய்வுக் கட்டுரை தேடிக்கொண்டு வரச் சொன்னேன். தியாகதுருகத்துப் பெண் ஒருத்தி, தமிழ்மொழி என்று பெயர், மரவள்ளி சாகுபடியைப் பற்றி ஒன்று கொண்டுவந்தாள். பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அட்டவணை. எனக்கே புரியாத வாக்கியங்கள். “பாருங்கள், இதுதான் அறிஞர் எழுத்து” என்று ஆரம்பித்து மணி அடிக்கிற வரை புகழ்ந்தேன்.

மணி அடித்ததும் அவள் எழுந்தாள். “சார், இது என் போனு எழுதிக் குடுத்தது சார். அடியில போட்டிருக்கிற பொஸ்தகம் ஒண்ணுகூட உலகத்துல கெடையாது. நான் தேடிப் பாத்துட்டேன்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. காலமெல்லாம் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன், ஜரிகையைப் பார்த்துச் சேலை எடுக்கிற மாதிரி அடிக்குறிப்பைப் பார்த்து ஏமாந்துபோனேன்.

இனி விஷயம். தரகர் ராசு நேற்று நூலகத்துக்கே வந்துவிட்டார். நம் அபிக்கு ஒரு வரன். நைனார்பாளையம், பெயர் வெற்றிவேல், நம் சனம்தான். ஆஸ்பத்திரிகளில் ஃபிரிட்ஜ் சர்வீஸ் பார்க்கிற வேலை. “கோவம் வந்தா எழுந்து போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்துதான் சார் பேசுவான், அந்த மாதிரி பையன்” என்றார். அக்காவிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “தாய்மாமன் நீங்கதானே சார்” என்றார். பெருமையாக இருந்தது, டீ வாங்கிக் கொடுத்தேன்.

போன வருஷத்துக்குப் பிறகு உன்னிடம் வரன் என்ற பேச்சை எடுக்கவே பயம். ஆனாலும் எழுதிவிட்டேன். உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அபி வேளைக்குச் சாப்பிடுகிறாளா? ஆண்டாளுக்கு மூட்டுவலி, நாக்குக்கு ஒன்றுமில்லை.

அடிக்குறிப்பில் தடுக்கி விழுந்த உன் தம்பி,
தீனதயாளன்

*

கல்வராயன் மலை
23.7.2025

தம்பி தீனாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். சர்க்கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆண்டாளைத் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்.

உன் மானக்கேடு உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்து இறங்கிவிட்டது. மாயவன் சொன்னதில் நீ வகுப்பில் அழுதாய். நீ எழுதியதில் சிரித்தாய். எதை நம்புவது?

வரன் விஷயம். போன வருஷம் பெரியப்பா “நல்லா விசாரிச்சிட்டேன், சொக்கத் தங்கம்” என்றார். பத்திரிகை அடித்து, நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தத் தங்கத்துக்குச் சேலத்தில் ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது. யாரிடம் விசாரித்தீர்கள் என்றால், பையனுடைய சித்தப்பாவிடமாம். அதற்குப் பிறகு ஊரில் அவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அபியைப் பற்றித்தான் பேசினார்கள். அவள் இந்த மலைக்கு நர்ஸ் வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தது காற்று வாங்க இல்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் அவள் தாங்கிக்கொள்வாள். நான் மாட்டேன். அவள் அப்பாவும் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாயே, அந்த மாதிரி விசாரி.

போன் வேண்டாம். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் இங்கே சிக்னல். அங்கிருந்து நான் “பையன் குடிப்பானா” என்று கத்தினால் மூன்று ஊர் பதில் சொல்லும். கடிதமாக எழுதி, நன்றாக ஒட்டி, மாயவனிடம் கொடு.

அக்கா,
செந்தமிழ்ச்செல்வி

*

கள்ளக்குறிச்சி
11.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் கடிதத்தை மாயவன் வெற்றிலைக் காம்போடு சேர்த்துக் கொடுத்தார், ஆனால் பிரிக்கவில்லை.

நம் வீட்டு விவகாரத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டேன். பெயர் சொல்லவில்லை, திட்டாதே. “ஒரு கட்டுரையை நம்புவதும் ஒரு மாப்பிள்ளையை நம்புவதும் ஒன்றுதான்” என்று ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சு போனைக் கீழே வைத்தது, என் சர்வீஸில் முதல் தடவை. எழுதியவருக்கு அந்த விஷயம் நேரடியாகத் தெரியுமா, இல்லை கேட்டு எழுதினாரா என்று பாருங்கள் என்றேன். பையனைப் பார்த்தவர் பேச்சும், பார்த்தவரைப் பார்த்தவர் பேச்சும் ஒன்றாகுமா? நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை அச்சாவதற்கு முன்னால், அந்தத் துறை தெரிந்த நாலு பேர் உட்கார்ந்து அதில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். நம் வீடுகளில் அந்த வேலையை அத்தைமார்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அப்புறம், சொல்கிறவருக்கு இதில் ஆதாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டென்றால் அவர் தரகர்.

ஒரு பையன் எழுந்து, “காசு வாங்கிக்கினு எத குடுத்தாலும் போட்டுடுற பத்திரிகைங்க இருக்குதே, அது இன்னா சார்?” என்றான். “அது கல்யாண விளம்பரம்” என்றேன். கைதட்டல். பழைய அவமானத்தில் பாதி கழிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையம். என்ன வெயில்! அமிர்தம் என்று ஒரு அம்மா டிபன் கடை வைத்திருக்கிறாள். பெஞ்சில் ஒரு வெள்ளை நாய் படுத்துக்கொண்டு எனக்கு இடம் விடவில்லை. நின்றபடியே ஒரு வடையைத் தின்றுகொண்டு, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

“வெற்றியா? கடன் சொல்லாத புள்ள சார். கோவம் வந்தா எழுந்து போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்துதான் பேசும்” என்றாள் அமிர்தம்.

எதிர்க்கடைத் தையல்காரர் சொன்னது: “சட்டைப் பையில எப்பவும் ஒரு சீப்பு நீட்டிக்கினு இருக்கும் சார், வேற கொற இல்ல. கோவம் வந்தாக்கூட ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுதான் பேசுவாப்ல.”

அந்த ஊரில் ஆண்டாளுக்கு ஒன்றுவிட்ட சித்தி இருக்கிறாளே, ராஜாம்பாள், அவளையும் கேட்டேன். “நல்ல வூட்டுப் புள்ள மாப்ள. கோவத்துல ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்து பேசுற ஆம்பளைய நீ எங்க கண்ட?” என்றாள். அவள் பார்வை என் மேலேயே இருந்தது.

மூன்று சான்று அக்கா. மூன்றும் தனித்தனி. ஒன்றுக்கொன்று முரணில்லை. தைரியமாக மேலே போகலாம்.

ஆய்வாளர் தம்பி,
தீனா

*

கல்வராயன் மலை
21.8.2025

தம்பி தீனாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அபிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள், என் கண்ணாடி உடைந்துவிட்டது. நாய் வந்த இடத்தில் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. சீப்பு என்று வந்ததும், “அது சீப்பு இல்லம்மா, கரண்ட் பாக்குற டெஸ்டரு” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

இங்கே சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் இந்த மாதமும் ரிப்பேர். மருந்தெல்லாம் கெட்டுப்போகுமே என்று நான் பதறினேன். அபி பதறவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க எப்போது வருவார்கள் என்று ராசுவிடம் கேட்டுவை.

அக்கா

*

கள்ளக்குறிச்சி
15.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நான் மட்டும் கொஞ்சம் கம்மி. பெண் பார்க்கிற பேச்சை நிறுத்திவை. கதை கெட்டுவிட்டது.

என் மூன்று சான்றுகளையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, இப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்று மார்தட்டினேன். தமிழ்மொழி கையைத் தூக்கினாள்.

“சார், மூணு பேருமே சொம்புன்னா சொன்னாங்க?”

“ஆமாம்மா.”

“ஒருத்தராச்சும் டம்ளர்னு சொல்லல?”

“இல்லை.”

“அப்போ காப்பி அடிச்சிருக்காங்க சார். எங்க அசைன்மெண்ட்டுல ஒரே வரி நாலு பேர்கிட்ட இருந்துதுன்னு போன வாரம் நீங்கதானே கிழிச்சீங்க?”

மாலையே மூன்று பேரையும் மறுபடி பிடித்தேன். நேரில் பார்த்தீர்களா என்று ஒரே கேள்வி. அமிர்தம், “நான் எங்க சார் பாத்தேன்? ராசு அண்ணன் டீ குடிக்கச்சொல்ல சொல்லிக்கினு இருந்தாரு” என்றாள். தையல்காரருக்கு அந்தச் சொம்பு அமிர்தம் கடையில் கிடைத்தது. ராஜாம்பாள் சித்தி என்ன சொன்னாள் தெரியுமா? “இன்னா மாப்ள இப்படி கேக்குற? ஆண்டாளுதான் போன்ல சொன்னா. நீ சொன்னன்னு சொன்னா. லைப்ரேரிக்காரரு விசாரிக்காமலா சொல்லியிருப்பாருன்னு நானும் சொன்னேன்.”

அதாவது அக்கா, உலகத்திலேயே முதல் முறையாக, ஒருவன் தன்னையே ஆதாரமாகக் காட்டித் தன்னையே நம்பவைத்திருக்கிறான். மூன்று சான்று என்று நான் எழுதியது ஒரே சான்று. அதுவும் தரகருடையது. பெரியப்பாவாவது பையனுடைய சித்தப்பா வரை போனார்.

அபியிடம் பக்குவமாகச் சொல். அவள் எப்படி இருக்கிறாள்?

தீனா

*

கல்வராயன் மலை
4.10.2025

தம்பிக்கு,

மழை விடவில்லை. ரோட்டில் மண் சரிந்து பஸ் வராததால் கடிதம் தாமதம். ஆண்டாளுக்குக் கொஞ்சம் தேன் கொடுத்தனுப்பியிருக்கிறேன், மாயவன் கொடுத்தாரா?

நீ எழுதியதைப் படித்தோம். ராசுவுக்குச் சொன்னது யார் என்று அவரிடமே கேள்.

பள்ளியில் காலாண்டு விடைத்தாள் திருத்துகிறேன். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

கள்ளக்குறிச்சி
27.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. ஆண்டாள் செய்த அதிரசம் அனுப்பியிருக்கிறேன், பல்லைப் பார்த்துக்கொள். தேன் வந்தது. பாட்டிலில் முக்கால்வாசி இருந்தது. மாயவனை நான் கேட்கவில்லை.

ராசுவைப் பேருந்து நிலையத்தில் மடக்கினேன்.

“உங்களுக்கு யார் சொன்னது?”

“சொல்ல மாட்டேன் சார். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். பேர வெளிய வுட்டா நாளைக்கி எவன் என்கிட்ட வாயத் தொறப்பான்?”

“ஆணா, பெண்ணா? அதையாவது சொல்லும்.”

“நேர்ல பாத்தவங்க சார். அவ்ளோதான். நம்புனா நம்புங்க, இல்லன்னா ஆள வுடுங்க.”

பெயர் தெரியாத ஆசிரியர், ஆதாயமுள்ள பதிப்பாளர். பிள்ளைகள் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது என் தீர்ப்பு அக்கா. நம் அபிக்குச் சேலம் ஒன்று போதும். ரிஷிவந்தியத்தில் வேறொரு பெண் வீட்டார் இதே பையனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். திருக்கார்த்திகைக்குள் பதில் சொல்லாவிட்டால் அங்கே முடித்துவிடுவார்கள். சரி என்று ஒரு வரி எழுது. ராசுவிடம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

உன் கடிதத்தில் அபியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே, மறந்துவிட்டாயா?

தீனா

*

கள்ளக்குறிச்சி
18.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலம்தானே? மூன்று வாரமாகப் பதில் இல்லை. மாயவனைக் கேட்டால், “குடுத்தேன் சார். அம்மா படிச்சாங்க, மடிச்சி பையில வெச்சிக்கினாங்க” என்கிறார். அப்புறம் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “பாப்பா ரெண்டு நாளா டூட்டிக்கி போவல” என்றார். காய்ச்சலா? எதற்கு நீ எழுதவில்லை?

ராசுவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மனசு ஒரு மாதிரி இருக்கிறது. பெயர் போடாத எழுத்தை நம்பாதீர்கள் என்று வகுப்பில் சொன்னேன். தமிழ்மொழி விடவில்லை. “பேர் சொல்லாதவங்க எல்லாம் பொய் சொல்றவங்களா சார்? எங்க ஊர்ல நேர்ல பாத்தவங்கதான் பேரு சொல்ல மாட்டாங்க” என்றாள். நான் அவசரமாக வருகைப் பதிவு எடுத்தேன்.

உடனே ஒரு வரி எழுது.

தீனா

*

கல்வராயன் மலை
24.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அபிநயா வணக்கம் சொல்லி எழுதுவது. எனக்குக் காய்ச்சல் இல்லை. அத்தையின் முட்டிக்குத் தைலம் வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அம்மா எதிரிலேயே உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராசு அண்ணனுக்குச் சொன்னது நான்தான் மாமா.

போன மாசியில் தடுப்பூசி முகாமுக்கு முதல் நாள் எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. அவர் வந்து பார்த்தார். மாற்ற வேண்டிய சாமான் கீழிருந்து வந்து சேரவில்லை. அது அவர் தப்பே இல்லை. மேலதிகாரி ஒருத்தர் எல்லோர் எதிரிலும் அவரைக் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார். அவர் முகம் சிவந்தது. எழுந்து வெளியே போனார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாசல் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து, ஐஸ் பெட்டியில் மருந்தை எப்படிக் காப்பாற்றலாம் என்று நிதானமாகச் சொன்னார். ஒரு ஊசியும் வீணாகவில்லை. அந்தச் சொம்பு எங்கள் நிலையத்துச் சொம்பு.

பிறகு நானே விசாரித்தேன். அவரோடு வேலை பார்க்கிறவர்களிடம், அவர் போகிற மற்ற நிலையங்களின் நர்ஸ்களிடம், தனித்தனியாக. இன்னொருத்தர் சொன்னார் என்று யாரிடமும் சொல்லாமல். சேலத்திலும் ஒன்றுமில்லை, வேறெங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் அவரிடமே கேட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் சம்மதம் என்றார். கோபத்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

இதை அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் லவ்வு மாமா, ராசு அண்ணன் சொன்னால் சம்பந்தம். ஊர் வாயில் ஒரு தடவை விழுந்து எழுந்துவிட்டேன். மறுபடி விழத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்கும் வருகிற வழியிலேயே வரட்டும் என்று, கீழே வந்தபோது ராசு அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு வார்த்தை மாற்றாமல் ஊர் முழுக்கச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

“பெயர் தெரியாத ஆசிரியர்” என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டூட்டிக்குப் போக முடியவில்லை. இப்போது பெயர் போட்டுவிட்டேன். வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா.

அபிநயா

*

கல்வராயன் மலை
9.12.2025

தம்பி தீனாவுக்கு,

சுகம். சர்க்கரைகூடக் குறைந்திருக்கிறது.

அபியின் கடிதம் கிடைத்ததும் நீ ராசுவிடம் சரி என்று சொல்லிவிட்டதாக மாயவன் சொன்னார். அவள் உனக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. ஒட்டித்தான் கொடுத்தாள். நீயும் என்னிடம் சொல்ல வேண்டாம். அடுப்பில் இல்லாத பால் பொங்கிய அன்றிலிருந்து, அவளாக வாயைத் திறக்கட்டும் என்று இருந்தேன். என்னிடம் திறக்கவில்லை, உன்னிடம் திறந்தாள். அதுவும் சரிதான். நடுவில் உன்னை அலையவிட்டதற்கு வருத்தம்.

அவர்கள் வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். சனிக்கிழமையே ஆண்டாளோடு வந்துவிடு. அடுத்து நாம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். பெரியப்பா, சின்னசேலத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருமாக ஒரு வேன் நிறைய ஆள் வரும். எங்கள் யாருக்கும் அந்த ஊர் பழக்கமில்லை. அந்த ஊர் வெயிலில் நீ எத்தனை தரம் அலைந்திருப்பாய்! சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன் நீதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து நீதான் வழிகாட்ட வேண்டும்.

ஃபிரிட்ஜ் இப்போது நன்றாக ஓடுகிறது.

அக்கா

*

கள்ளக்குறிச்சி
11.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை இரண்டாம் பஸ்ஸில் வருகிறோம். ஆண்டாள் இப்போதே சேலை மடித்துவிட்டாள், முட்டிவலி எங்கே போனதென்று தெரியவில்லை.

வகுப்பு நேற்று முடிந்தது. கடைசிக் கேள்வியாக, நல்ல சான்று எது என்று கேட்டேன். பல பேர் பலது சொன்னார்கள். தமிழ்மொழி, “நேர்ல போயி, தன் கண்ணால பாத்து, தன் பேரப் போட்டு எழுதுனது சார்” என்றாள். அதையே கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, கள ஆய்வின் பெருமையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அபியிடம் சொல், மாமா பெருமைப்படுகிறான் என்று. என் நூலகத்தில் இருக்கிற பாதிப் பேரை விட அவள் நன்றாக விசாரித்திருக்கிறாள்.

முன்சீட்டில் நானே உட்காருகிறேன், அதில் மாற்றமில்லை. ஒரு சின்ன உதவி மட்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து வேன் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று அபியை மாப்பிள்ளையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல். பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம். சித்தியிடம் நம்பர் வாங்கி மூன்று பேரிடமும் போனில்தான் பேசினேன். நைனார்பாளையத்தில் நான் இன்னும் காலே வைத்ததில்லை.

தம்பி,
தீனதயாளன்